வளைக்குள் இருந்தது தெமேத்ரியோ அல்ல

எர்சிரா மொஸ்கோசோவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவர் என்கிறார்கள் லாரி ஓட்டுநர்கள். கம்பெனியோடு மோதித் தோற்றவர் என்கிறார்கள் எங்கள் சங்கத்துக்காரர்கள். அந்த இரண்டு பேச்சிலும் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு, அது பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

எர்சிரா பிறந்தது எல்விராவில். வெடியுப்பு எடுத்த காலத்தில் அங்கே முந்நூறு குடும்பங்கள் இருந்தன. அவருக்கு ஐந்து வயதாகும்போது உப்பு விலைபோகாமல் முதலாளிகள் கிளம்பினார்கள். தகரக் கூரைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது சுவர்களும் அதைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு, நாங்கள் பம்பா என்று சொல்லும் உப்பு மூடிய வெறும் நிலமும். மழை என்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. நிலத்தின் மேல்தோல் ரொட்டியின் மேல்பக்கம் போலக் கருகி, வெடித்து, உப்பி நிற்கும். வெடிப்புகளுக்குக் கீழே கை நுழையும் அளவுக்குப் பொந்துகள்.

எர்சிரா ஆறாவது வரை படித்தார். தெமேத்ரியோ சோக்கே என்ற லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டார். பம்பாவிலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரி. சாலை பிரியும் இடத்தில் எர்சிரா ஒரு தகரக் கடை போட்டு எம்பனாதா என்கிற பூரணம் வைத்த ரொட்டியும் டீயும் விற்றார். ஒரே மகள் கல்யாணமாகித் தெற்கே போய்விட்டாள். இதுவரை எங்கள் ஊரில் ஆயிரம் பேருக்கு நடந்த வாழ்க்கைதான்.

ஒரு டிசம்பர் மாதம், கடல் பனி பம்பாவுக்குள் நுழைந்து சாலையை மூடிய ஒரு காலையில், எல்விரா வளைவில் தெமேத்ரியோவின் லாரி கவிழ்ந்தது. முப்பது டன் உப்பு அவர் மேல் சரிந்தது.

ஒருவர் சாலையில் செத்தால் ரத்தம் சிந்திய இடத்தில்தான் ஆத்மா நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கல்லறையில் உடம்பு மட்டும்தான். செத்த இடத்தில் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு குட்டி வீடு கட்டுவார்கள். அதற்கு அனிமீத்தா என்று பெயர். மெழுகுவத்தி, காகிதப் பூ, தாகத்துக்குத் தண்ணீர் பாட்டில். லாரி ஓட்டுநர்கள் கடக்கும்போது ஹாரன் அடிப்பார்கள். திங்கட்கிழமை ஆத்மாக்களின் நாள்.

முதல் திங்களன்று எர்சிரா போனபோது கூடவே போனவர் தெமேத்ரியோவின் கூட்டாளியான லாரி ஓட்டுநர் பெரால்தா. நூற்றிருபது கிலோ எடை, ஊரே 'குண்டன்' என்று கூப்பிடும். மரவீட்டை ஊன்றிவிட்டு இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். காற்று அடங்கியது. காலுக்குக் கீழே, உப்புத் தோலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொதிக்கும் பானையின் மூடி நடுங்குவது போல நீளமாக ஒரு உறுமல், நடுவில் மூச்சை உள்ளிழுப்பது போல ஒரு விக்கல், மறுபடியும் உறுமல்.

"தெமேத்ரியோ தூங்கினா இப்படித்தான்," என்றாராம் எர்சிரா.

பெரால்தா தொப்பியைக் கழற்றிவிட்டார். எர்சிரா குனிந்து, "தெமே, நான்தான்," என்றார். சத்தம் நின்றது. விரலால் உப்பைத் தட்டினார். மறுபடி ஆரம்பித்தது.

அன்று மாலைக்குள் லாரி வானொலியில் செய்தி துறைமுகம் வரை போய்விட்டது. எல்விரா வளைவில் தெமேத்ரியோ பதில் சொல்கிறான். பதினைந்து நாளில் அங்கே காணிக்கையாக நாற்பது நம்பர் பிளேட், ஒரு டயர், இரண்டு கால்பந்துச் சட்டை, ஒரு மாதா சிலை. எர்சிரா ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. ஊர்க் கதை, மகளின் சண்டை, மாவு விலை எல்லாவற்றையும் அந்த வெடிப்புக்குச் சொன்னார். சில மாதங்கள் பதில் வரும், சில மாதங்கள் வராது. வராத மாதங்களில் கோபமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

நான் உப்புச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். பதினோரு வருடம் சங்கச் செயலாளர். எங்கள் பக்கம் மரியாதைக்குப் பெண்ணைத் தோஞ்ஞா என்றும் ஆணைத் தோன் என்றும் கூப்பிடுவோம். கடையில் டீ குடிக்கும்போது ஒருநாள் சொன்னேன்: "தோஞ்ஞா எர்சிரா, அது ஏதோ பிராணி. எலியோ, பல்லியோ."

"தோன் எலெயாசார், அங்க எலி எதைத் தின்னும்? உப்பையா?"

"அப்ப ஆத்மா எதைத் தின்னும்?"

"நீங்க கம்யூனிஸ்ட். உங்களுக்குக் கடவுளும் கிடையாது, செத்தவனும் கிடையாது. இருக்கிறவங்களையாவது ஒழுங்காப் பாருங்க. போன வாரம் குடிச்ச டீயோட கோப்பையை எங்க வச்சீங்க?"

பெரால்தா வாய்க்குள் இருந்த எம்பனாதாவோடு சிரித்தார்.

மூன்றாம் வருடம் அயோடின் கம்பெனி வந்தது. எல்விராவின் உப்புத் தோலை முழுக்கச் சுரண்டி, நசுக்கி, தண்ணீரில் ஊறவைத்து அயோடின் எடுக்கும் திட்டம். அளவெடுத்து நட்ட கொடிகள் அனிமீத்தாவின் மேலேயே போயின. ஓட்டுநர்கள் அரைநாள் சாலையை மறித்தார்கள். கம்பெனி உடனே இறங்கி வந்தது. எங்கள் ஊரில் எந்தக் கம்பெனியும் அனிமீத்தாவைத் தொடாது. தொட்டால் இயந்திரம் கவிழும் என்று இயந்திரம் ஓட்டுபவனே இறங்கிப் போய்விடுவான். சுற்றிலும் இருநூறு மீட்டர் விட்டு ஒரு வட்டம் போட்டார்கள், வரைபடத்தில் 'மரியாதை வட்டம்' என்று எழுதினார்கள். ஓட்டுநர்கள் சொல்லச் சொல்ல எர்சிரா ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: என் கணவர் தெமேத்ரியோ சோக்கேயின் ஆத்மா இந்த இடத்தில் தங்கி என்னோடு பேசுகிறது.

எங்கள் சங்கம் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு உப்புச் சுரங்கத்திடம் ஒன்பது வருடம் மனு போட்டது. பதில் வரவில்லை. ஒரு ஆத்மாவுக்கு அரைநாளில் வந்தது.

வெற்றியைக் கொண்டாட ஓட்டுநர்கள் அனிமீத்தாவின் கூரையில் ஒரு சூரிய விளக்கு வைத்தார்கள். காற்றில் மெழுகுவத்தி நிற்பதில்லை, இது விடியும்வரை எரியும் என்றார்கள்.

அது மார்ச் மாதம். அமாவாசைக்கு அடுத்த திங்கள் காலை எர்சிரா ரொட்டித் துணியில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். துணிக்குள் ஏழு கரும்பழுப்புப் பறவைகள். நான்கு செத்திருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கியது. பிளவுபட்ட நீண்ட வால். இறக்கையின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அலகின் மேல் ஒரு சிறு குழாய், அதன் வழியாக மூச்சு. கால்விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போலத் தோல்.

"இது நீந்துற கால்," என்றார் எர்சிரா. "கடல் அம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. என் புருஷன் விளக்கடியில இதுக்கு என்ன வேலை?"

துறைமுகத்தில் ஒரு பழைய மீனவரிடம் காட்டினேன். "கடல் தகைவிலான். கரையிலேர்ந்து ரொம்ப தூரத்துல அலைமேல காலை உதைச்சுக்கிட்டே போகும். கரையில இதைப் பார்த்ததே இல்லை. எங்க முட்டையிடுதுன்னு என் அப்பனுக்கும் தெரியாது," என்றார்.

நகர நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகம் கிடைத்தது. அதன்படி எங்கள் கடலில் முழுக்கக் கறுப்பாக இருக்கும் கடல் தகைவிலான்கள் இரண்டு வகை. ஒன்று பெரிய தகைவிலான். அது வடக்கே மெக்சிகோவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே இரைக்கு வருவது. இன்னொன்று கறுப்புத் தகைவிலான், எங்கள் கடலுக்கே உரியது. அது குஞ்சு பொரிக்கும் இடம் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பறக்கும்போது பெரியது இறக்கையை ஆழமாக, நிதானமாக அடிக்கும். கறுப்புத் தகைவிலான் மேலோட்டமாக அடித்துச் சறுக்கும். கையில் கிடைத்தால் முழங்காலிலிருந்து பாதம் வரை உள்ள எலும்பை அளக்க வேண்டும். பெரியதற்கு முப்பத்தொரு மில்லிமீட்டர். மற்றதற்கு இருபத்துநான்கு.

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் காலிபர் இருந்தது. மறுநாள் எர்சிரா மறுபடி வந்தார், ஏழையும் அளந்தோம். இருபத்துநாலு, இருபத்துமூணரை, இருபத்துநாலு. எர்சிரா ஒருமுறை பார்த்துவிட்டு, உயிரோடிருந்த நாலாவதைத் தானே அளந்தார். ரொட்டி மாவைத் தட்டும் கை. பறவை துடிக்கவே இல்லை.

"கறுப்புத் தகைவிலான்தான். ஆனா வழிதவறி வந்திருக்கும்," என்றேன்.

எர்சிரா ஒன்றின் பிடரியை ஊதிப் பார்த்தார். அங்கே சாம்பல் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கோழி வளர்த்தவளுக்கு இது தெரியாதா? இது குஞ்சு, தோன் எலெயாசார். பிறந்தப்போ இருந்த முடியே இன்னும் உதிரலை. முதல் தடவையா வெளிய வந்திருக்கு. அம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம் பறந்து வர்ற வயசா இது? இது பக்கத்துலதான் பொறந்திருக்கு." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. துணியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புத்தகங்கள் எழுதியவர்களுக்குத் தெரியாததை ஒரு எம்பனாதா வியாபாரி ஒரு ஊதலில் கண்டுபிடித்தார். அன்று மாலையே போய் விளக்கைக் கழற்றினார். அதுதான் ஓட்டுநர்களுக்கும் அவருக்கும் முதல் சண்டை.

"புருஷனை இருட்டுல விட்டுட்டீங்களே, தோஞ்ஞா," என்றார் பெரால்தா.

"உயிரோட இருந்தப்போ விளக்கு எரிஞ்சா தூக்கம் வராதுன்னு கத்துவான். உனக்குத் தெரியாது."

டிசம்பர் வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிசம்பரில் வெடிப்புக்குள்ளிருந்து மறுபடி சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "வாங்க. காலிபரை எடுத்துக்குங்க."

அனிமீத்தாவின் முன்னால் மண்டியிட்டார். கையுறை கொடுத்தேன், வேண்டாம் என்றார். வெடிப்புக்குள் முழங்கைவரை, பிறகு தோள்வரை கையை விட்டார். கன்னம் உப்பில் அழுந்தியிருந்தது. உறுமல் நின்றது.

"சூடா இருக்கு," என்றார். "முட்டை."

"வேண்டாம்னா விட்டுடுங்க."

"வந்தாச்சு. இனிமே என்ன."

கை வெளியே வந்தபோது அதில் கறுப்பாக ஒன்று இருந்தது. அது அவர் ரவிக்கை மேல் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெயைக் கக்கியது. மீன் நாற்றம், பழைய துணியின் வாடை. மூன்று வருடமாக அனிமீத்தாவைச் சுற்றி அடித்த அதே வாடை. ஓட்டுநர்கள் அதை உடம்பின் வாடை என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டதுண்டு.

அளந்தேன். இருபத்துநாலு.

எர்சிரா பறவையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாவு விலை ஏறினதெல்லாம் இதுகிட்டயா சொன்னேன்?" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வேறாக மாறியது. நான் மூடன், ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "பேசாதீங்க," என்றார். "மூணு வருஷம் அவன் இருந்தான். இன்னிக்குத்தான் செத்தான். கொஞ்ச நேரம் சும்மா இருங்க." பிறகு பறவையை வளைக்குள் விட்டார், முட்டை இருந்த பக்கமாகத் திருப்பி.

எங்கள் பக்கத்தில் டிசம்பரில் தொடங்கும் அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எல்விராவை அளந்தார். குனிந்து மோந்து பார்ப்பார், எச்சத்தின் வெள்ளைத் தடம் பார்ப்பார், வளை இருந்தால் மூன்று கல்லை அடுக்குவார். ஆண் பெண் முறைவைத்து நாள்கணக்கில் முட்டை மேல் கிடக்கும், மற்றது கடலுக்குப் போகும், இருட்டில் மட்டும் வந்துபோகும், வருடத்துக்கு ஒரே முட்டை. இதெல்லாம் அவர் பார்த்துப் பார்த்துக் கண்டது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வளை. மரியாதை வட்டத்துக்குள் இருந்தவை முப்பத்தாறு.

நான் இங்கேதான் நுழைந்தேன். நாட்டில் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அரிய பறவை குஞ்சு பொரிக்கும் இடத்தைச் சுரண்டக் கூடாது, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைச் சொன்னால் திட்டமே நிற்கும் என்றேன்.

"நிக்கலைன்னா?" என்றார் எர்சிரா.

"எப்படி நிக்காம போகும்? அளவு இருக்கு, முட்டை இருக்கு."

"தோன் எலெயாசார், இப்ப முப்பத்தாறு வளை பத்திரமா இருக்கு. ஏன்னா அங்க தெமே இருக்கான்னு அவங்க பயப்படுறாங்க. பறவைன்னு சொன்னா அவன் போயிடுவான். அப்புறம் எதுக்குப் பயப்படுவாங்க? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே."

"மத்த ஆயிரத்து நூறு?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பொய்யை நம்பி வாழும் ஜனங்களைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினேன். பாதிரியார்கள், முதலாளிகள், ஆத்மாவைக் காட்டிச் சம்பளத்தை மறைத்த நூறு வருடக் கதை. நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். எர்சிரா கடைசியில், "சரி. முப்பத்தாறைக் காப்பாத்த ஆயிரத்து நூறை விட்டுக்கொடுத்தேன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. வரேன்," என்றார். என் பேச்சுக்காக அல்ல, அந்தக் கணக்குக்காக.

கூட்டம் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் பிராந்திய அலுவலகத்து அதிகாரிகள் மூவர். கம்பெனிக்காகத் தலைநகரிலிருந்து வந்தவர் எச்சேனிக்கே என்ற உயிரியல் நிபுணர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஓட்டுநர்கள் பின்வரிசையில்.

எச்சேனிக்கேயின் அறிக்கையில் பறவை பற்றி நாலே வரி இருந்தது. விளக்கடியில் விழுந்தவை பெரிய தகைவிலான்கள், மெக்சிகோவில் குஞ்சு பொரிப்பவை, வழிதவறி வந்தவை, கூடுகள் காணப்படவில்லை. அவர் எல்விராவுக்கு ஒரே ஒரு நாள் வந்தார், ஜூலையில். பறவை முழுக்கக் கடலில் இருக்கும் மாதம் அது.

எர்சிரா எழுந்து நின்று எல்லாம் சொன்னார். பிடரிப் பஞ்சு, எலும்பின் அளவு, முட்டை, ஆயிரத்து நூற்று நாற்பது கல் அடுக்கு. பேச்சு பிசகவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், பெருமையில்.

எச்சேனிக்கே மரியாதையாக எழுந்தார். "அம்மா, உங்க துக்கத்துக்கு நாங்க எல்லாருமே தலைவணங்குறோம். ஒரே ஒரு சந்தேகம். போன வருஷம் நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் இது. உங்க கணவரோட ஆத்மா அங்க பேசுதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்குப் பறவைன்னு சொல்றீங்க. எது சரி?"

பின்வரிசையிலிருந்து பெரால்தா, "வேணாம் தோஞ்ஞா, உக்காருங்க," என்றார், கெஞ்சுவது போல.

"பறவை," என்றார் எர்சிரா.

"அப்ப ஆத்மா?"

"இல்லை."

"கணவர் அங்க இல்லை?"

"என் புருஷன் செத்துட்டான், சார். எங்கயும் இல்லை."

அதிகாரி எழுதிக்கொண்டார். எச்சேனிக்கே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "வளைக்குள்ள கையை விட்டுப் பறவையைப் பிடிச்சீங்க, இல்லையா? அனுமதி இருந்துதா?"

"யார்கிட்ட அனுமதி?"

"வனவிலங்கைப் பிடிக்க அரசு அனுமதி வேணும். அது பாதுகாக்கப்பட்ட பிராணி."

நான் எழுந்து கத்தினேன். "பாதுகாக்கப்பட்டதுன்னு நீயே சொல்ற! அப்புறம் எப்படி மேல இயந்திரத்தை ஓட்டுவ?" கூட்டத் தலைவராக இருந்த அதிகாரி மணியை அடித்து என்னை உட்காரச் சொன்னார். இரண்டு முறை அடித்தார். மூன்றாவது முறை போலீஸ்காரர் வந்தார்.

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. அனுமதியில்லாமல் பிடித்த பறவையின் அளவுகள் சான்றாக ஏற்கப்படவில்லை. கல் அடுக்குகள் தகுதிபெற்ற நிபுணரால் சரிபார்க்கப்படவில்லை. மனுதாரரே மறுத்துவிட்டதால் எல்விரா வளைவில் மரபுவழி வழிபாடு இருப்பதாகக் கொள்ள முடியாது, ஆகவே மரியாதை வட்டம் நீக்கப்படுகிறது. கடைசியில் எர்சிராவுக்கு ஒரு எச்சரிக்கை: மறுபடி வளைக்குள் கையை விட்டால் வழக்கு.

பொய்க்கு வட்டம் போட்ட அதே கைகள் உண்மையிடம் அனுமதிச்சீட்டு கேட்டன. ஆனால் அந்தக் கைகளை மட்டும் சொல்லி நான் தப்ப முடியாது. அந்தப் பெண் முன்கூட்டியே பார்த்ததை நான் பார்க்கவில்லை. எனக்குச் சட்டத்தின் மேல் நம்பிக்கை இருந்தது. அவருக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருந்தது.

அனிமீத்தாவைக் கம்பெனியே மரியாதையாக எடுத்து, பாதிரியாரை வைத்து மந்திரித்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி சிமெண்ட் மேடையில் வைத்தது. ஐந்து விளக்கு. ஓட்டுநர்கள் அங்கே ஹாரன் அடிக்கிறார்கள். எர்சிராவின் கடையில் நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். பெரால்தா மட்டும் ஒருநாள் வந்தார்.

"ஏன் தோஞ்ஞா? ஒரு வார்த்தை. 'ரெண்டும் இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாம்."

"கேள்வி கேட்டான், பதில் சொன்னேன்."

"அவன் என் கூட்டாளி. வேற எங்க போய் நான் அவனைப் பார்ப்பேன்?"

"நான் எங்க போய்ப் பார்ப்பேன், குண்டா?" என்றார் எர்சிரா. பெரால்தா டீயைக் குடிக்காமலே போனார்.

இயந்திரங்கள் ஜனவரியில் வந்தன. ஜனவரியில் ஒவ்வொரு வளையிலும் முட்டையோ குஞ்சோ இருக்கும். தேதியைத் தள்ளிவைக்கும்படி எர்சிரா வாயிலில் நின்று கேட்டார், இரண்டு மாதம், இரண்டே மாதம். காவல்காரப் பையன் ஊர்க்காரன்தான். "மேல சொல்றேன், தோஞ்ஞா," என்றான். சொன்னானா என்று தெரியாது. பதினேழு நாளில் எல்விராவின் தோலை உரித்துவிட்டார்கள். இயந்திரங்களின் பாதையாக விட்ட இடங்களில் உப்புத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினார்கள். உப்பு காய்ந்தால் சிமெண்ட் போல ஆகும்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், எல்லா அனுமதிச்சீட்டோடும். துறைமுகத்தில் அந்த மீனவர் சொல்லி எர்சிராவைத் தேடி வந்தவர்கள். அவர் சேர்த்துவைத்திருந்த காய்ந்த உடல்களையும் உடைந்த முட்டையோடுகளையும் அளந்தார்கள். தலைமையேற்று வந்த பெண்ணின் பெயர் ஃபிலோமேனா ரிக்கெல்மே. இரண்டு நாள் அளந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னது சரி, செஞ்ஞோரா. எல்லாமே கறுப்புத் தகைவிலான். நாங்க கேள்விப்பட்டதிலேயே பெரிய கூட்டங்கள்ல ஒண்ணு இது. இருந்திருக்கணும்."

"இருந்துச்சு," என்றார் எர்சிரா.

"ஆமா. இருந்துச்சு."

"இனி என்ன செய்யலாம்?"

ரிக்கெல்மே நேர்மையான பெண். பொய் சொல்லவில்லை. "வேற எங்கயாவது இன்னொரு கூட்டம் இருந்தா அதைக் காப்பாத்த இது உதவும். இங்க ஒண்ணும் செய்ய முடியாது. இதுங்க இருபது வருஷம் வாழும், பொறந்த வளைக்கே திரும்பி வரும். வளை இல்லாட்டி எத்தனை வருஷம் தேடும்னு யாருக்கும் தெரியாது. யாரும் பார்த்ததில்லை."

எர்சிரா பார்த்தார். உருளை ஓட்டிய தரை அனிமீத்தா இருந்த இடத்தில் வேலிக்கு வெளியே கொஞ்சம் மிஞ்சியிருந்தது. திங்கட்கிழமை காலைகளில் அங்கே போவார். மெல்லிய தூசியில் விரலிடையில் தோலுள்ள கால் தடங்கள், வட்டம் வட்டமாக. அலகால் கீறிய கோடுகள். இருட்டில் வந்து, தன் வாசலைத் தேடி, விடிவதற்குள் கடலுக்குப் போயிருக்கின்றன. முதல் பருவத்தில் ஒருநாள் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணும் மூச்சுவாங்கும் கிழவனும் ஒரு காலை முழுக்க இடித்து இரண்டு சாண் ஆழத்துக்கு நாலு குழி போட்டோம். எதுவும் அவற்றில் தங்கவில்லை. தரைக்கடியில் பழைய வளைகள் நசுங்கிப்போயிருந்தன. குழி வெறும் குழி. காவல்காரப் பையன் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

இந்த வருடம் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. விளக்குகளால் நேரும் பறவை இறப்பு முதல் வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு, இரண்டாம் வருடம் நாற்பது, இந்த வருடம் ஒன்றும் இல்லை, நிறுவனத்தின் பாதுகாப்பு முயற்சிகளுக்குக் கிடைத்த வெற்றி என்று வண்ணப் படத்தோடு போட்டிருந்தார்கள். கடையில் வைத்து நான்தான் வாசித்துக் காட்டினேன். விழுவதற்குக் குஞ்சு வேண்டும், குஞ்சுக்கு வளை வேண்டும் என்று மறுப்பு எழுதி அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வந்தது.

எர்சிரா தடங்களை எண்ணி மாவு மூட்டையின் காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். முதல் பருவம் எழுபது, எண்பது இடங்களில். அடுத்தது பத்தொன்பது. போன வருடம் மூன்று.

நேற்று திங்கள். டிசம்பர் பாதி கடந்துவிட்டது. மத்தியானம் கடைக்குப் போனேன். செருப்பில் உப்புத் தூசியோடு அப்போதுதான் திரும்பியிருந்தார். நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தேன்.

"இல்லை," என்றார். "டீயில சர்க்கரை எத்தனை?"

பதினைந்து வருடமாக என் டீயை அவர்தான் போடுகிறார், ஒருநாளும் கேட்டதில்லை. ரெண்டு என்றேன்.